லெக்ரேயின் ‘அனாமலி’ ஆல்பத்தைப் பற்றிக் கேட்டவர்கள் சொல்வதில் எதை நம்புவது?

கிறிஸ்தவ ஹிப்-ஹாப்பை (தாளத்துக்கு ஏற்ப வேகமாகப் பேசிப் பாடும் ராப் இசையை) இப்போதுதான் கேட்கத் தொடங்கியிருப்பதாகவும், அமெரிக்க ராப் பாடகர் லெக்ரேயின் ‘அனாமலி’யைச் சிலர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும்போது வேறு சிலர் ‘அதில் சுவிசேஷமே இல்லை’ என்று ஒதுக்குவதாகவும் எழுதி, இவர்களில் யார் பேச்சை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். வேலூரில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையின் வாலிபர் ஐக்கியத்தைச் சில ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். இந்த ஆல்பத்தை எங்கள் பிள்ளைகளோடும் சபைப் பெரியவர்கள் சிலரோடும் உட்கார்ந்து முழுவதுமாகக் கேட்டிருக்கிறேன். அப்போது எனக்குப் புரிந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டவர் சொல்வதைப் பொருட்படுத்துங்கள், அது பாராட்டானாலும் சரி, கண்டனமானாலும் சரி. மற்றவர்கள் சொல்வதெல்லாம் தாளத்தைப் பற்றிய கருத்துதான்.

லெக்ரே 1979-இல் ஹூஸ்டனில் பிறந்தவர். 2004-இல் ரீச் ரெக்கார்ட்ஸ் என்ற இசை நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர். அவரும் அவருடைய கூட்டாளிகளும் ‘116’ என்ற எண்ணைத் தங்கள் அடையாளமாக வைத்திருக்கிறார்கள். ரோமர் முதலாம் அதிகாரத்தின் 16-ஆம் வசனமான ‘கிறிஸ்துவின் சுவிசேஷத்தைக்குறித்து நான் வெட்கப்படேன்’ என்பதே அதன் பொருள். அவருடைய ‘கிராவிட்டி’ ஆல்பம் 2013-இல் சிறந்த காஸ்பல் (கிறிஸ்தவ நற்செய்தி இசை) ஆல்பத்துக்கான கிராமி விருதை வாங்கியது; ஹிப்-ஹாப் ஆல்பம் ஒன்றுக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. 2014 செப்டம்பரில் வெளியான ‘அனாமலி’ முதல் வாரத்திலேயே ஏறக்குறைய 88,000 பிரதிகள் விற்று, அமெரிக்காவின் வாராந்தர ஆல்பம் தரவரிசையான பில்போர்டு 200 பட்டியலிலும் காஸ்பல் பட்டியலிலும் ஒரே நேரத்தில் முதலிடம் பிடித்தது. அதற்கு முன் எந்த ஆல்பத்துக்கும் அது வாய்த்ததில்லை.

சண்டைக்கு அடிப்படைக் காரணம் இந்த வெற்றியே என்று நான் நினைக்கிறேன். 2008-இல் வந்த ‘ரெபல்’, 2010-இல் வந்த ‘ரீஹேப்’ ஆகியவற்றில் ஏறக்குறைய பிரசங்கம் போலவே பேசியவர், ‘அனாமலி’யில் பயம், கோபம், இனம், குடும்பம் என்று பலவற்றையும் பேசினார். பழைய ரசிகர்களில் ஒரு சாரார் இயேசுவின் பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்து, ‘உலகத்தோடு சமரசம் செய்துகொண்டார்’ என்றார்கள். இன்னொரு சாரார், விசுவாசி ஒருவன் வாழ்க்கை முழுவதையும் பாட்டில் கொண்டுவருவதற்கு இப்போதாவது ஒருவர் துணிந்தாரே என்று மகிழ்ந்தார்கள். சபைக்கு வெளியே ஹிப்-ஹாப்பை மட்டும் கேட்பவர்களில் சிலருக்கோ இதிலும் உபதேசம் அதிகமாகத்தான் பட்டது. இணையத்தில் நீங்கள் படிக்கும் கருத்துகளில் பெரும்பாலானவை இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

எங்கள் ஊரில் நடந்தது வேறு மாதிரி. முதல் தடவை நான் தவறு செய்தேன். சனிக்கிழமை மாலைக் கூட்டத்துக்குச் சின்ன புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றைக் கொண்டுபோய், ஒரு வார்த்தை விளக்கம்கூடச் சொல்லாமல் நான்கு பாட்டுகளைப் போட்டுவிட்டேன். ஆங்கில வழியில் படித்த பிள்ளைகளுக்கே அந்த வேகமும் உச்சரிப்பும் பிடிபடவில்லை. ‘பீட் செம, அண்ணா’ என்றான் ஒருவன். அதற்கு மேல் அவனிடம் சொல்வதற்கு எதுவும் இல்லை. சபையில் நாற்பது ஆண்டுகளாக ஆர்கன் வாசித்துவரும் ஆன்ட்டி ஒருவர், கண்ணை மூடி முழங்காலில் விரலால் தாளம் தட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, ‘இன்னாப்பா இது, பிள்ளைங்க மனப்பாட வசனம் ஒப்பிக்கிற மாதிரி இருக்குது, பாட்டு எப்போ வரும்?’ என்று உண்மையாகவே கேட்டார். ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலையில் கணக்கராக இருந்து ஓய்வுபெற்ற சபை மூப்பர் ஐயா எழுந்து போய்விட்டார். அன்றைக்கு அவர்களிடம் கருத்துக் கேட்டு நான் எழுதியிருந்தால், நீங்கள் இணையத்தில் படித்ததையே திரும்பவும் படித்திருப்பீர்கள்.

வீட்டுக்குப் போகும்போதுதான் எனக்கு உறைத்தது. பாமாலை, கீர்த்தனைப் பாட்டுப் புத்தகங்கள் கையில் இல்லாமல் எங்கள் சபையில் ஒருவரும் ஆராதனைக்கு வருவதில்லை. தெரிந்த பாட்டுக்குக்கூடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டுதான் நிற்கிறோம். ராப் என்பதோ முழுக்க முழுக்கச் சொல்லால் ஆன கலை. அதை வெறும் காதோடு கேட்கச் சொல்லிவிட்டு, நல்லதா கெட்டதா என்று தீர்ப்புக் கேட்பது நியாயமா? அடுத்த இரண்டு வாரமும் இரவில் உட்கார்ந்து மூன்று பாட்டுகளின் கருத்தைத் தமிழில் பத்தி பத்தியாக எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தேன். மூப்பர் ஐயாவை வீட்டுக்கே போய் அழைத்தேன், மறுக்காமல் வந்தார்.

முதலில் ‘வெல்கம் டு அமெரிக்கா’. அமெரிக்க நகரத்தின் ஏழைப் பகுதியில் வளர்ந்த பையன், போர்முனைக்குப் போன சிப்பாய், அந்த நாட்டுக்கு வர ஏங்கும் அயல்நாட்டவன் என்று மூன்று பேர் மாறி மாறிப் பேசுகிற பாட்டு அது. தாளைப் படித்து முடித்ததும், ‘பீட் செம’ என்று சொன்ன அதே பையன் வெகுநேரம் பேசாமல் இருந்தான். அவனுடைய அம்மா ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறார். விடியற்காலையில் கம்பெனி வண்டி வரும், இருட்டிய பிறகு திரும்பும். ‘எங்கம்மா தைக்கிற ஷூ அங்கேதான் போவுது அண்ணா, அட்டைப் பெட்டியில ஊர் பேர் பார்த்திருக்கேன்; அம்மா அந்த ஷூவைப் போட்டதில்லை’ என்றான். இயேசுவின் பெயர் அந்தப் பாட்டில் எத்தனை தடவை வருகிறது என்று அன்று யாரும் எண்ணவில்லை.

‘ஆல் ஐ நீட் இஸ் யூ’ பாட்டுக்கு வந்தபோது வேறு வகையான விவாதம் எழுந்தது. ‘எனக்கு வேண்டியது நீ மட்டும்தான்’ என்று அவர் பாடுவது மனைவியிடமா, கடவுளிடமா என்று பிள்ளைகள் இரண்டு அணியாகப் பிரிந்துவிட்டார்கள். மூப்பர் ஐயா அங்கேதான் முதன்முதலாகக் கோபப்பட்டார்: இப்படி இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி எழுதுவது சினிமாக்காரர்கள் வேலை என்பது அவருடைய கருத்து. ஆர்கன் ஆன்ட்டி மெதுவாக, ‘உன்னதப்பாட்டு இன்னா ஐயா?’ என்று வேதாகமத்திலேயே உள்ள காதல் பாட்டு நூலைச் சுட்டிக் கேட்டார். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ‘பெத்லகேம் குறவஞ்சி’ எழுதினாரே, நாயகி ஏங்குவதும் குறத்தி குறி சொல்வதும் கிறிஸ்துவைப் பற்றித்தானே என்று நானும் சொன்னேன். அரண்மனையிலும் கோயிலிலும் ஆடப்பட்ட வடிவத்தைச் சாஸ்திரியார் எடுத்துக்கொண்டார். நியூயார்க்கின் பிராங்க்ஸ் தெருக்களில் 1970-களில் பிறந்த வடிவத்தை லெக்ரே எடுத்துக்கொண்டிருக்கிறார். வடிவம் எங்கிருந்து வந்தது என்று பார்த்து ஒன்றைத் தள்ளுவதானால் நம் கீர்த்தனைகளில் பாதியைத் தள்ள வேண்டியிருக்கும். மதுரை இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டுப் பாடல்களை அமைத்தபோதும், தெருப்பாட்டு பீடத்துக்கு ஆகுமா என்ற இதே கேள்வி இருந்தது. தாழ்ந்தது என்று ஒதுக்கப்பட்ட மக்களின் இசை, அதனாலேயே பரிசுத்தத்துக்கு ஆகாதது என்று சொல்வதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். வட ஆற்காட்டுச் சபைகளில் நம்மில் பெரும்பாலோர் எந்தத் தெருக்களிலிருந்து வந்தவர்கள் என்பதை மறந்தால்தான் அப்படிச் சொல்ல முடியும்.

மூன்றாவதாகப் போட்டது ‘குட், பேட், அக்லி’. இதை வாலிபர் கூட்டத்தில் போடலாமா என்று மிகவும் யோசித்தேன். ஆயரிடம் அனுமதி வாங்கி, பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான் போட்டேன். தன் காதலியைக் கருக்கலைப்புக்கு அழைத்துப் போனது தான்தான் என்று லெக்ரே அதில் ஒப்புக்கொள்கிறார். சிறுவனாக இருந்தபோது தன்னிடம் ஒரு பெண் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்துகொண்டதையும் சொல்கிறார். நம் ஜெபக் கூட்டங்களில் சாட்சி சொல்பவர்களை எண்ணிப் பாருங்கள்: ‘முன்பு குடித்தேன், ஆண்டவர் விடுவித்தார், அல்லேலூயா’ என்று மூன்று வாக்கியத்தில் முடித்துவிடுகிறோம். காயம் எப்படிப் பட்டது, யாருக்குப் பட்டது, இன்னும் வலிக்கிறதா என்பதெல்லாம் நம் சாட்சியில் வருவதே இல்லை. இந்தப் பாட்டில் அது வருகிறது. பாட்டு முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஆர்கன் ஆன்ட்டி தாளை நான்காக மடித்துக்கொண்டே, ‘நம்ம சபையில ஒரு பிள்ளை எழுந்து நின்னு இதைச் சொன்னா, அடுத்த ஞாயித்துக்கிழமை அவன் பக்கத்துல யார் உட்காருவாங்க?’ என்றார். ஒருவரிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. என்னைக் கேட்டால் இந்த ஒரு பாட்டுக்காகவே அந்த ஆல்பத்தைக் கேட்கலாம். ‘அதில் சுவிசேஷமே இல்லை’ என்பவர்கள் இதைக் கேட்காதவர்கள், அல்லது வரிகளைக் கேட்காதவர்கள் என்றே நினைக்கிறேன். பாவத்தை மறைக்காமல் அறிக்கையிடுவதும் மன்னிப்பைத் தேடி நிற்பதும் சுவிசேஷம் இல்லையென்றால் வேறு எது?

எல்லோரும் மனம் மாறிவிட்டார்கள் என்று எழுத மாட்டேன். மூப்பர் ஐயா கடைசிவரை தம் கருத்திலேயே நின்றார், ஆனால் காரணம் மாறியிருந்தது. முதல் வாரம் ‘சத்தம்’ என்று சொல்லி எழுந்து போனவர், இப்போது, ‘தம்பி, இதில் நான் நான் என்றே வருகிறது. கீர்த்தனையில் நாம் ஆண்டவரைப் பார்த்துப் பாடுகிறோம், இதில் அவர் தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்’ என்றார். இது கவனமாகக் கேட்டவர் சொல்லும் குறை. அதில் உண்மை இருப்பதாகவே எனக்கும் படுகிறது. சபையாகச் சேர்ந்து பாடுவதற்கான பாட்டுகள் அல்ல இவை. ஞாயிறு ஆராதனையில் இவற்றைக் கொண்டுவர வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டபோது நான் மறுத்துவிட்டேன். பயணத்திலோ அறையில் தனியாக இருக்கும்போதோ, ஒருவருடைய சாட்சியைக் கேட்பது போலக் கேட்க வேண்டியவை. செவிலியர் படிப்புப் படிக்கும் தங்கை ஒருத்திக்கு ஆல்பத்தின் இசையே பிடிக்கவில்லை, எல்லாப் பாட்டும் ஒரே சாயலில் இருக்கிறது என்றாள். அதுவும் சரிதான், ருசி அவரவருடையது.

ஆகவே, பதினைந்து பாட்டுகளையும் ஒரே மூச்சில் போடாதீர்கள். நான் சொன்ன மூன்றின் வரிகளைத் தேடி எடுத்து, ஒருமுறை பாட்டில்லாமல் படியுங்கள். பிறகு தாளைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். ‘குட், பேட், அக்லி’யை மட்டும் வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கும்போது போட வேண்டாம். உங்களோடு யாராவது இதே போன்ற காயத்தைச் சுமப்பவர் இருந்தால், அது எதைப் பற்றிய பாட்டு என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். நான் அன்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னேன், ஒவ்வொருவரிடமும் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். கூட்டம் முடிந்ததும் ஒரு பிள்ளை வெளியே படிக்கட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தது. ஆன்ட்டிதான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.