பட்டாளம் பக்கம் வீடு வாங்கலாமா? அந்த ஏரியா இப்போது முன்னேறிவிட்டதா?

கேட்டவர் எழுதியிருந்தது இது: வடசென்னையில், பெரம்பூர் பேரக்ஸ் சாலைப் பக்கம், பட்டாளத்தில், ஒரு புது அடுக்குமாடியில் வீடு பார்த்து வைத்திருக்கிறார். முன்பு அது ரவுடி ஏரியா என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். இப்போது முன்னேறிவிட்டதா, நம்பி வாங்கலாமா?

வாங்கலாம். மழை விஷயத்தை மட்டும் விசாரித்துவிட்டு வாங்குங்கள், அதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் "முன்னேறிவிட்டதா" என்ற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நான் பிறந்தது பட்டாளத்தில், முப்பது வயது வரை அங்கேதான் இருந்தேன். நீங்கள் அநேகமாக இருவரும் வேலைக்குப் போகிற குடும்பம், இதே பணத்துக்குத் தெற்கே தாம்பரம் தாண்டித்தான் கிடைக்கும் என்பதால் இந்தப் பக்கம் வந்திருப்பீர்கள். தப்பே இல்லை. ஆனால் விற்கிறவர் உங்களிடம் "முன்னாடி இது காலி இடம் சார்" என்று சொல்லியிருந்தால், அதை நம்பாதீர்கள்.

அந்த வட்டாரத்தில் உயர உயரமாக நிற்கிற அடுக்குமாடிகள் பல பின்னி மில், அதாவது பின்னி கம்பெனியின் துணி மில்கள் இருந்த நிலத்தில் நிற்கின்றன. 1876-இல் பக்கிங்காம் மில், அடுத்த சில வருடங்களில் கர்நாடிக் மில், 1920-இல் இரண்டும் சேர்ந்து ஒரே கம்பெனி. பெரியவர்கள் இன்றைக்கும் "பி அண்ட் சி" என்றுதான் சொல்வார்கள். இரண்டு உலகப் போரிலும் சிப்பாய்கள் போட்ட காக்கித் துணி இங்கே நெய்தது. பட்டாளம் என்ற பெயரும் பேரக்ஸ் சாலை என்ற பெயரும் இங்கே ராணுவம் தங்கியிருந்ததால் வந்தவை. கொஞ்ச தூரத்தில் ரயில்வே பட்டறைகளான கேரேஜ் ஒர்க்ஸ், லோகோ ஒர்க்ஸ், அப்புறம் 1955-இல் நேரு திறந்து வைத்த ரயில் பெட்டித் தொழிற்சாலை ஐசிஎஃப். ரயில் ஸ்டேஷன் பெயர்களையே பாருங்களேன், பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ், பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ். வேலை செய்கிற இடத்தின் பெயரையே ஸ்டேஷனுக்கு வைத்த ஊர் அது. இன்றைக்கு எல்லோரும் படம் எடுத்துப் போடுகிற வந்தே பாரத் ரயிலின் முதல் வண்டி 2018-இல் அந்த ஐசிஎஃபிலிருந்துதான் வெளியே வந்தது.

தொழிற்சங்கம் என்று இந்தியாவில் முறையாகத் தொடங்கிய முதல் சங்கமும் இங்கேதான். 1918 ஏப்ரல் 27, சென்னைத் தொழிலாளர் சங்கம். மில்லுக்குப் பக்கத்தில் வியாபாரம் செய்துகொண்டிருந்த செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் தொழிலாளிகளின் கஷ்டத்தைக் கேட்டுக் கேட்டு, அன்னி பெசன்ட்டோடு வேலை செய்த பி.பி. வாடியாவை அழைத்து வந்தார்கள். திரு.வி.க. கூட நின்றார். முதல் கோரிக்கைகளில் ஒன்று என்ன தெரியுமா? மத்தியானம் சோறு சாப்பிட இன்னும் கொஞ்சம் நேரம். அவ்வளவுதான் கேட்டார்கள். மாநகராட்சிப் பலகைகளில் "திரு.வி.க. நகர் மண்டலம்" என்று இருக்கிறதே, அந்தப் பெயர் சும்மா வரவில்லை.

எல்லாமே பெருமைதானா என்றால் இல்லை. 1921 வேலை நிறுத்தத்தில் ஆதி திராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள், மற்றவர்கள் வெளியே நின்றார்கள். அது சாதிச் சண்டையாகி, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. போலீஸ் சுட்டதில் உயிர்களும் போயின. சங்கத்தின் வரலாறு பேசுகிற பலர் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். நான் அப்படிச் செய்தால் அது என் ஊருக்கு நான் செய்கிற மரியாதை ஆகாது. இதைச் சொன்னதற்காக யாரும் கீழே வந்து சண்டை போட வேண்டாம். இரண்டு பக்கத்திலும் தாத்தாக்கள் இருந்த தெருவில் வளர்ந்தவன் நான்.

என் அப்பா 1969-இல் நெசவுப் பகுதியில் சேர்ந்தார். எங்களுக்கு வீட்டில் கடிகாரம் தேவைப்பட்டதில்லை, மில் சங்குதான். சங்கு ஊதினால் அம்மா அடுப்பை அணைப்பாள். அப்பா வரும்போது காது மடல், புருவம், சட்டைக் காலர் எல்லாவற்றிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். வாசலிலேயே நிற்க வைத்து, ஈரத்துணியால் அம்மா துடைத்த பிறகுதான் உள்ளே விடுவாள். தறிச் சத்தத்தில் இருபது வருடத்துக்கு மேல் நின்றதில் அப்பாவுக்குக் காது போய்விட்டது. அவருக்கு மட்டும் இல்லை, நெசவில் இருந்த எல்லோருக்கும். அதனால் எங்கள் தெருவில் எல்லோருமே சத்தமாகத்தான் பேசுவார்கள், உதட்டைப் பார்த்துத்தான் கேட்பார்கள். "வடசென்னைக்காரன் பேசினாலே சண்டை போடுகிற மாதிரி இருக்கும்" என்று கேலி செய்கிறார்களே, எங்கள் தெருவைப் பொறுத்தவரை அந்தச் சத்தம் தறி கொடுத்தது. ஊர் முழுக்க இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, எங்கள் தெருவுக்கு இதுதான்.

1996-இல் மில் மூடினார்கள். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. வாசலில் போய் நின்ற கூட்டத்தில் அப்பாவும் இருந்தார். ராத்திரி வந்து டிபன் பாக்ஸைத் திறந்து வைத்தார், சோறு அப்படியே இருந்தது. டோக்கன் நம்பர் போட்ட அந்தப் பித்தளை வில்லையை அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. மறுநாள் சங்கு ஊதவில்லை. எங்கள் தெருவே தாமதமாக எழுந்தது.

அப்புறம் நடந்ததைத்தான் உங்கள் சொந்தக்காரர்கள் "ரவுடி ஏரியா" என்கிறார்கள். அப்பன் மில்லில் இருந்தால் மகனுக்கும் அங்கே ஒரு வேலை கிடைக்கும் என்று நம்பி வளர்ந்த பையன்கள் ஒரே நாளில் தெருவில் நின்றார்கள். சிலர் ஆட்டோ எடுத்தார்கள், சிலர் திருப்பூர் போனார்கள், படித்தவர்கள் ஐசிஎஃப் அப்ரெண்டிஸுக்கு அலைந்தார்கள். சிலர் கெட்ட சகவாசத்தில் போனார்கள். என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த ஒருவன் இன்று உயிரோடு இல்லை. குற்றமே நடக்காத இடம் என்று நான் பொய் சொல்லவில்லை. ஆனால் அதே வருடங்களில் அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து வாசலில் இட்லி அவித்து விற்றாள், அப்பா பாரிமுனையில் ஒரு கிடங்குக்குக் காவலாளியாகப் போனார், நாங்கள் மூன்று பேரும் படித்து முடித்தோம். எங்கள் தெருவில் இந்த மாதிரிக் குடும்பம்தான் அதிகம். இவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

காலியாகக் கிடந்த மில் கொட்டகைகளை அப்புறம் சினிமா படப்பிடிப்புக்கு வாடகைக்கு விட்டார்கள். பெரும்பாலும் சண்டைக் காட்சிகள். வில்லனின் கிடங்கு என்றால் பின்னி மில் என்று ஆகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகன் பத்துப் பேரை அடித்துப் போடுகிறான், புழுதி பறக்கிறது, தகரம் நொறுங்குகிறது. அப்பா திடீரென்று எழுந்து டிவிக்குக் கிட்டே போனார். திரையில் ஒரு இரும்புத் தூணைத் தொட்டு, "டேய், இது நம்ம ஷெட்டுடா. இந்தத் தூணுக்கு இந்தாண்டதான் என் தறி இருந்துச்சு" என்றார். அந்தத் தூணில்தான் அடியாள் ஒருவனை மோத விட்டார்கள். காட்சி முடிந்து விளம்பரம் வந்த பிறகும் அவர் அங்கேயே நின்றார். அவர் இருபத்தேழு வருடம் நின்ற இடத்தை ஊர் உலகம் ரவுடிகளின் இடமாகப் பார்த்துப் பழகியது அப்படித்தான். சினிமாக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்களுக்குக் கொட்டகை தேவைப்பட்டது. பார்த்தவர்கள் மனதில் அது ஒட்டிக்கொண்டதைச் சொல்கிறேன்.

2011-இல் எனக்கு வேலை தெற்கே கிடைத்து, அங்கே வாடகை வீடு தேடினோம். ஒரு வீட்டுக்காரர் காபி எல்லாம் கொடுத்து நன்றாகத்தான் பேசினார். அட்வான்ஸ் வரை வந்துவிட்டது. அப்பா வழக்கம்போலச் சத்தமாக, "தண்ணி எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்டார். வீட்டுக்காரர் முகம் மாறியது. "இப்ப எங்க இருக்கீங்க?" என்று கேட்டார். பட்டாளம் என்றேன். "போன் பண்றேன் தம்பி" என்றார். பண்ணவில்லை. அப்பா திரும்பி வரும் பஸ்ஸில், "நான் ஏதாவது தப்பா கேட்டுட்டேனா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியை நான் இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் "முன்னேறிவிட்டதா" என்று யாராவது கேட்டால் எனக்குச் சுருக்கென்று இருக்கிறது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் எழுதிவிடுகிறேன். அப்பாவின் பென்ஷன் காகிதத்துக்காக ஓர் அலுவலகத்துக்குப் பதினொரு தடவை போனேன். மில் ரிஜிஸ்டரில் எழுதிய கிளார்க் அப்பா பெயரை ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூட்டிப் போட்டுவிட்டார். ரேஷன் கார்டில் வேறு மாதிரி, ஆதாரில் தாத்தா பெயரைப் பின்னால் சேர்த்து இன்னொரு மாதிரி. நம் ஊரில் ஒரு மனிதனுக்கு ஒரு பெயர், முன்னால் அப்பா பெயரின் முதல் எழுத்து. இதைத் தமிழ்நாட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிற ஒருவருக்கு விளக்க வேண்டியிருக்கிறது! "இவர்தான் அவர் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டார்கள். எழுபது வயது மனிதர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் அப்பா அந்தப் பித்தளை வில்லையைப் பையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தார். அது அத்தாட்சி ஆகாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நோட்டரியிடம் போய் வாக்குமூலம் வாங்கிக் கொடுத்துத்தான் வேலை நடந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் காகிதங்களை அவர்கள் திடமாக இருக்கும்போதே சரி செய்து வையுங்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். போக்குவரத்து பற்றிக் கவலையே வேண்டாம். பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர் என்று வரிசையாக ஸ்டேஷன்கள், சென்ட்ரல் கூப்பிடு தூரம். மாதவரத்திலிருந்து சிறுசேரிக்குப் போடுகிற மெட்ரோ தடம் பெரம்பூர், அயனாவரம், ஓட்டேரி, புரசைவாக்கம் வழியாக வருகிறது. அக்கம்பக்கம் நல்ல மனிதர்கள். வாசலில் புதிதாக ஒரு முகம் தெரிந்தால் இரண்டாம் நாளே விசாரிப்பார்கள், அதை வம்பு என்று நினைக்காதீர்கள். கேட்டுக்கு உள்ளேயே இருந்துவிடாமல் தெருவில் காய் வாங்குங்கள், நான்கு பேரோடு பேசுங்கள்.

பிரச்சினை தண்ணீர். ஓட்டேரி நல்லா கால்வாய் வழியாகத்தான் அந்தப் பகுதி வடிய வேண்டும். அது பேசின் பிரிட்ஜ் அருகே பக்கிங்காம் கால்வாயில் சேர்கிறது, அங்கிருந்து கடலுக்கு. கடல் ஏற்றமாக இருந்தால் கால்வாய் வாங்காது, தண்ணீர் அப்படியே நிற்கும். 2021 நவம்பரில் பட்டாளம், புளியந்தோப்புத் தெருக்களில் நாள்கணக்கில் நின்றது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அதே கதை. வடிகால் வேலை நடந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பதினான்காம் மாடியில் இருப்பவருக்கும் பால் வாங்கக் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் மின் இணைப்பு எந்த உயரத்தில் இருக்கிறது, ஜெனரேட்டர் தரைத்தளத்துக்குக் கீழே இருக்கிறதா, சுற்றியிருக்கிற தெருவை விட உங்கள் வளாகத்தை எவ்வளவு உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். உயர்த்திக் கட்டினால் உங்கள் தண்ணீர் பழைய தெருக்களுக்குத்தான் போகும். அதையும் கேளுங்கள், கேட்டால்தான் கட்டுகிறவர்கள் யோசிப்பார்கள்.

"இவ்வளவு பேசுகிற நீ ஏன் அங்கே இல்லை?" என்று யாராவது எழுதுவீர்கள், தெரியும். பிள்ளைகளின் பள்ளிக்காக அம்பத்தூர் பக்கம் போனேன். அப்பாவும் அம்மாவும் வர மறுத்துவிட்டார்கள், அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். வாரம் இரண்டு நாள் நான் அங்கே.

முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், மழை விட்ட மறுநாள் ஒரு தடவை போய்ப் பாருங்கள். காரில் வேண்டாம், பெரம்பூரில் இறங்கி நடந்து போங்கள். பழைய வீடுகளின் சுவரில் தண்ணீர் நின்ற கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வாருங்கள். எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு கறைக்கும் பக்கத்தில் அப்பா சாக்பீஸால் தேதி எழுதி வைத்திருக்கிறார். வேண்டுமானால் செய்தி அனுப்புங்கள், கூட்டிப் போய்க் காட்டுகிறேன். அவரே எல்லாம் சொல்வார், கொஞ்சம் சத்தமாகக் கேட்க வேண்டும்.