ஆர்.டி. ஒரு பக்கம், கார்டு பாக்கி ஒரு பக்கம்

கேள்வி: தாம்பரத்தில் இருக்கிறேன். சம்பளம் 48,000 ரூபாய். ஏழு வயது நாய் ராக்கிக்கு உண்ணிக் காய்ச்சல் வந்து, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று ஆறு மாதமாக கிளினிக்குக்கு அலைகிறேன். நடுவில் எங்கள் பூனை கருப்பனுக்குச் சிறுநீர் அடைப்பு. எல்லாச் செலவையும் கிரெடிட் கார்டில் போட்டேன். பாக்கி 62,000. மினிமம் டியூ (மாதம் குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை) 3,100 ரூபாயைத் தவறாமல் கட்டிவிடுகிறேன். மாதம் 3,000 வீதம் ஒன்றரை வருடமாக வங்கியில் ஓடும் ஆர்.டி.யை (தொடர் வைப்பு) தொட மனமில்லை. தம்பி பெட் இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்கிறான். கிளினிக்கில் வெல்னஸ் பேக்கேஜ் எடுக்கச் சொல்கிறார்கள். எதை எடுக்கலாம்? (ஒரு வாசகி)

பதில்: இரண்டும் இப்போது வேண்டாம். முதலில் அந்த ஆர்.டி.யை உடையுங்கள்.

"தவறாமல் கட்டிவிடுகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கலே அதில்தான் இருக்கிறது. கார்டு வட்டி மாதம் 3.5% என்று வைத்துக்கொள்வோம். 62,000-க்கு வட்டி 2,170. அதன் மேல் 18% ஜி.எஸ்.டி. 390. ஆக, நீங்கள் கட்டும் 3,100-இல் 2,560 அப்படியே வங்கிக்குப் போகிறது. அசலில் குறைவது 540 ரூபாய். பாக்கி நிற்கும்வரை புதிதாகத் தேய்க்கும் தொகைக்கு வட்டியில்லாக் காலமும் கிடையாது, தேய்த்த அன்றே வட்டி ஓட ஆரம்பிக்கும். கால்நடை மருத்துவமனையின் சிகிச்சைக் கட்டணத்துக்கு நம் நாட்டில் ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. அரசு விட்டுக்கொடுத்த வரியை நீங்கள் கார்டு வட்டி வழியாகத் தேடிப்போய்க் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆர்.டி.யில் சேர்ந்திருக்கும் 54,000 உங்களுக்கு மாதம் 290 ரூபாய் போல சம்பாதித்துத் தருகிறது. அதே 54,000 கார்டில் பாக்கியாக நிற்பதால் மாதம் 2,230 போகிறது. முன்கூட்டியே முடித்தால் வட்டியில் நானூறு, ஐந்நூறு பிடிப்பார்கள், போகட்டும். கையில் 56,000 சொச்சம் வரும். அதை அன்றே கார்டில் கட்டுங்கள். மிச்சம் ஆறாயிரம். ஆர்.டி.க்குப் போன 3,000, மினிமம் டியூவுக்குப் போன 3,100 இரண்டையும் சேர்த்தால் அடுத்த சம்பளத்தில் அதுவும் தீர்ந்துவிடும். அதற்கடுத்த ஸ்டேட்மெண்டில் கொஞ்சம் வட்டி ஒட்டிக்கொண்டு வரும், பதறாமல் கட்டிவிடுங்கள். நடுவில் வங்கியிலிருந்து "பாக்கியை இ.எம்.ஐ. ஆக்கித் தரட்டுமா" என்று போன் வரும். வேண்டாம்.

சரி, பரிசோதனைச் செலவுக்கு வருவோம். அதைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் நீங்கள் அனுப்பிய பில்களைப் பார்த்ததில் ஒன்று உறுத்தியது. உண்ணிக் காய்ச்சலுக்கான ரேபிட் கிட் டெஸ்ட் மூன்று முறை போட்டிருக்கிறார்கள். ஒன்று நீங்கள் கிளினிக் மாறியபோது. இந்த கிட்களில் பெரும்பாலானவை உண்ணிக் காய்ச்சலைத் தரும் எர்லிக்கியா என்ற கிருமிக்கு எதிராக உடம்பில் உருவான ஆன்டிபாடியைக் காட்டுபவை. நோய் குணமான பிறகும் பல மாதங்களுக்கு பாசிட்டிவ் என்றே வரும். குணமாகிறதா என்று பார்க்க, சி.பி.சி. என்ற ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனையில் பிளேட்லெட் (ரத்தத் தட்டணுக்கள்) ஏறுகிறதா என்று பார்ப்பது இதைவிட மலிவானது. தேவைப்பட்டால் கிருமியையே நேரடியாகத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனை இருக்கிறது. எது வேண்டும் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், நான் இல்லை. ஆனால் "இந்த ரிசல்ட் வந்தால் மருந்து மாறுமா டாக்டர்?" என்று கேட்பதில் தப்பே இல்லை. பழைய ரிப்போர்ட்டுகளை ஃபைலில் போட்டு ஒவ்வொரு முறையும் எடுத்துப் போங்கள். அவசரமில்லாத பரிசோதனைக்கு ஒரு நாள் விடுப்பு போட்டு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். ஆனால் தனியார் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அங்கே மிகவும் குறைவு. உண்ணி வராமல் தடுக்கும் மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். மிச்சம் பிடிக்கலாம் என்று அதில் கை வைத்தால் மறுபடி இதே பில் வரும்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் தம்பியின் அக்கறை புரிகிறது. ஆனால் ஏற்கெனவே இருந்த நோயை இந்த பாலிசிகள் பொதுவாக ஏற்பதில்லை. ராக்கிக்கு வந்ததே திரும்ப வந்தால் க்ளைம் நிற்காது. வயது வரம்பு, காத்திருப்புக் காலம் வேறு. அட்மிட் ஆகாமல் செய்யும் பரிசோதனைக்குப் பணம் வருமா என்று பாலிசிப் பத்திரத்தைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு வரியிலேயே பேச்சு முடிந்துவிடலாம்.

வெல்னஸ் பேக்கேஜில் பாதி நியாயம் இருக்கிறது. சிறுநீரகம் முக்கால்வாசி பழுதான பிறகுதான் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் ஏறும் என்பதால், வயதாகும் நாய்க்கும் பூனைக்கும் வருடம் ஒருமுறை ரத்தமும் சிறுநீரும் பார்ப்பது நல்லதுதான். ஆனால் அந்த இரண்டு பரிசோதனையைத் தனியாகக் காசு கொடுத்துச் செய்துகொள்ளலாம். நகம் வெட்டுவது, குளிப்பாட்டுவது எல்லாம் சேர்த்து ஒரு வருடப் பணத்தை முன்பணமாக வாங்குவது கிளினிக்குக்கு வசதி, உங்களுக்கு அல்ல.

கார்டு தீர்ந்ததும் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி மாதம் 2,500 போடுங்கள். ஆர்.டி. வேண்டாம், உடனே எடுக்கிற மாதிரி இருக்கட்டும். ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்தால் சம்பளத் தேதி வரை பொறுக்க முடியாது, அன்றே ஓட வேண்டும். பத்து மாதத்தில் 25,000 சேரும். சேர்ந்த பிறகு அந்த 2,500-ஐ வைத்து ஆர்.டி.யை மறுபடி தொடங்குங்கள். கிளினிக் செலவுக்கு இனி இந்தக் கணக்கிலிருந்து யூபிஐ மட்டும். கார்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.