பட்டறைப் பாதரசத்துக்கு எந்தச் சோதனை?

கேள்வி: திருநெல்வேலி டவுனில் இருக்கிறோம். மாமனார் வீட்டு முன்னறையில் நகைப் பட்டறை வைத்திருக்கிறார். பட்டறைக் குப்பையை அலசி, பாதரசம் விட்டுப் பொடித் தங்கத்தைத் திரட்டி, அதை அங்கேயே சட்டியில் காய்ச்சுகிறார். எனக்கு இரண்டு வயதில் குழந்தை இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரில் பாதரசம் கலந்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது. எப்படிச் சோதிப்பது?

பதில்: கிணற்றைப் பிறகு பார்ப்போம். உங்கள் வீட்டில் பாதரசம் உடம்புக்குள் போகிற வழி மூச்சுதான். உருண்டோடும் பாதரசத்தைக் குடல் அநேகமாக உறிஞ்சுவதில்லை. ஆவியாக மூச்சில் போனாலோ ஐந்தில் நான்கு பங்கு உடம்பில் தங்கி, மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். அந்த ஆவிக்கு நிறமோ வாடையோ கிடையாது.

அடுப்பே வேண்டாம், அறைச் சூடே போதும். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 13 மில்லிகிராம் வரை ஆவி நிறையும். உலக சுகாதார நிறுவனம் காற்றுக்கு வைத்திருக்கும் ஆண்டுச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 1 மைக்ரோகிராம், அதாவது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ஆவி இன்னும் கூடும். அதனால் அளந்து முடிக்கும்வரை காத்திருக்காமல், வீட்டுக்குள் காய்ச்சுவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். மாமனாரிடம் இதைச் சொல்வது சங்கடம்தான், ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். பேரப்பிள்ளைக்காக என்று சொன்னால் கேட்பார்.

காற்றை அளக்க, புற ஊதாக் கதிரில் 253.7 நானோமீட்டர் அலையைப் பாதரசம் விழுங்குவதை வைத்து அந்த இடத்திலேயே அளவு காட்டும் கைக்கருவி உண்டு. என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களைத் தரம் பார்த்து அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரமுள்ள சுற்றுச்சூழல் ஆய்வகங்களில் விசாரியுங்கள். குழந்தை தவழும் உயரத்திலும், தரை இடுக்குகளுக்குப் பக்கத்திலும் அளக்கச் சொல்லுங்கள். சிந்திய பாதரச மணிகள் அங்கேதான் வருஷக்கணக்காகக் கிடக்கும்.

உடம்பில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க, மருத்துவர் மூலம் சிறுநீரில் பாதரசமும், சிறுநீர் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் பாருங்கள். மாமனாருக்கும் குழந்தைக்கும் அவசியம். நீங்கள் கர்ப்பமாக இருந்தால் உங்களுக்கும். இரத்தச் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். சீலா மீன் சாப்பிட்டாலும் இரத்தத்தில் பாதரசம் கூடும். ஆவியா மீனா என்று தெரியாது.

தொழிலை விடமுடியாது என்றால், வீடுகளைவிட்டு விலகிய திறந்த கொட்டகையில், மூடிய இரும்புக் கலத்தில்தான் காய்ச்ச வேண்டும். கலத்திலிருந்து வரும் குழாயை ஈரத்துணி சுற்றிக் குளிரவைத்தால் ஆவி மீண்டும் பாதரசமாகி வெளியே கிண்ணத்தில் விழும். பெரும்பகுதி திரும்பக் கிடைப்பதால் பணமும் மிச்சம். குழாய் நுனி தண்ணீருக்குள் மூழ்கக் கூடாது: கலம் ஆறும்போது தண்ணீரை உள்ளே இழுத்து வெடித்துவிடும். துணி முகக்கவசமும் என்95-உம் ஆவியைத் தடுக்காது.

முன்னறையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், வாக்குவம் கிளீனரும் கூடாது. இரண்டுமே மணிகளை உடைத்துப் பரப்பும். கெட்டி அட்டையாலும் சொட்டு மருந்துக் குழாயாலும் திரட்டி, தண்ணீர் ஊற்றிய கண்ணாடிப் போத்தலில் இறுக மூடிவையுங்கள். சன்னல்கள் திறந்தே இருக்கட்டும். அந்த அறை முழுக்கச் சுத்தமாகும்வரை குழந்தை அங்கே போகக் கூடாது.

தண்ணீரில் எனக்குப் பெரிய கவலை அலசிய நீரைப் பற்றியது. டவுன் சாக்கடை நெல்லைக் கால்வாயில் கலந்தால் பாதரசம் சேற்றில் படியும். நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசம் என்ற கொடிய நஞ்சாக்கும். அது மீனில் ஏறிச் சாப்பிடுகிறவரிடம் வரும். 1956-இல் ஜப்பானின் மினமாட்டா என்ற ஊரில் வெளிப்பட்ட நரம்பு நோய், மெத்தில் பாதரசம் ஏறிய மீனைச் சாப்பிட்டதால் வந்ததுதான். ஆகவே அலசிய தண்ணீரைத் தொட்டியில் தெளியவிட்டு வண்டலை மூடிய டப்பாவில் சேருங்கள். தெளிந்த நீரிலும் பாதரசம் இருக்கும், அதையும் சாக்கடையில் விடாதீர்கள். இரண்டையும் எங்கே ஒப்படைப்பது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.

இனி கிணறு. வழக்கமான குடிநீர்ச் சோதனையில் பாதரசம் வராது, தனியாகக் கேட்க வேண்டும். ஆய்வகமே தரும், நைட்ரிக் அமிலம் விட்ட போத்தலில் மாதிரி எடுங்கள். சாதாரணப் பிளாஸ்டிக் போத்தலில் எடுத்தால் பாதரசம் சுவரில் ஒட்டியும் ஆவியாகியும் அளவு குறைந்து காட்டும். இந்தியத் தரப்படி வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். அதைத் தாண்டியிருந்தால் காய்ச்சிக் குடிப்பது பயன்படாது. மாநகராட்சிக் குடிநீருக்கு மாறிவிடுங்கள்.