அரசுத் தொழிற்பயிற்சிக் கல்லூரியில் ஸ்டோர் பொறுப்பு புதிதாக என்னிடம் வந்திருக்கிறது. பயிற்சிப் பொருட்களையும் இயந்திரங்களையும் எப்படி நிர்வகிப்பது? என்ன பதிவேடுகள், என்ன மென்பொருள் தேவை?

ஃபிட்டர் பிரிவில் பயிற்றுநராகப் பல வருடங்கள் இருந்துவிட்டு, பிறகு ஸ்டோரையும் சேர்த்துப் பார்த்தவன் நான். பொறுப்பேற்ற முதல் வாரம் பூட்டிக் கிடந்த ஓர் அலமாரியைத் திறந்தேன். நுண்ணிய அளவு எடுக்கும் மைக்ரோமீட்டர்கள் பன்னிரண்டு, வாங்கிய பெட்டியிலேயே இருந்தன. திருகினால் நகரும் தண்டான ஸ்பிண்டிலை முழுக்க மூடிய நிலையிலேயே வைத்திருந்ததால் அளவிடும் முகங்கள் இரண்டிலும் துரு. நான்கைத் திருகவே முடியவில்லை. பதிவேட்டில் வருடா வருடம் “12 எண்ணம், இருப்பு சரி” என்று கையெழுத்து இருந்தது. அதே வருடங்களில் நான் 0.01 மி.மீ. அளவு எடுப்பதைக் கரும்பலகையில் படம் போட்டு நடத்திக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அந்த மாணவர்களை நினைத்தால் மனசு வலிக்கிறது.

முன்பு பொறுப்பில் இருந்தவரைக் குறை சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போட்டவர் தலையில்தான் நஷ்டம் விழும் என்ற நிலை இருந்தால், யாருமே பொருளை வெளியே கொடுக்கப் பயப்படுவார்கள். அதனால் நீங்கள் முதலில் பேச வேண்டியது முதல்வரிடம். சேதத்தை மூன்றாகப் பிரித்து எழுத எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள்: பயிற்சியில் தேய்ந்தது அல்லது உடைந்தது, கவனக்குறைவால் கெட்டது, காணாமல் போனது. முதல் வகைக்கு யாரிடமும் பணம் பிடிக்கக் கூடாது. துளைக்குள் மரை வெட்டும் டேப்பைப் போடப் பழகும் பையன் அதை உடைக்கத்தான் செய்வான். உடைந்த துண்டோடு ஒரு பக்கப் படிவம் வந்தால் போதும். இந்த ஏற்பாடு வந்த பிறகுதான் எங்கள் பயிற்றுநர்கள் தாமாகவே பொருள் கேட்டு இன்டென்ட் எழுத ஆரம்பித்தார்கள்.

கருவி கொடுத்து வாங்க டோக்கன் முறையே எனக்குப் போதுமானதாக இருந்தது. மாணவர் எண் பொறித்த பித்தளை வில்லை. கருவியை எடுத்த ஆணியில் வில்லை தொங்கும். பலகையில் கருவியின் உருவத்தை வரைந்து வைத்தால், எது வரவில்லை என்று தூரத்திலிருந்தே தெரியும். வகுப்பு முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதே எண்ணிவிட வேண்டும், பிள்ளைகள் கலைந்த பிறகு எண்ணிப் பயனில்லை. அரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிக்காதீர்கள், பல் மழுங்கிவிடும். மைக்ரோமீட்டரைத் துடைத்து, முகங்களுக்கு நடுவே சிறு இடைவெளி விட்டு வையுங்கள்.

நுகர்பொருட்களுக்குப் போன வருட இன்டென்ட்டைப் பார்த்து எழுதுவது பெரிய தவறு. பயிற்சிப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு மாணவருக்கு எவ்வளவு என்று போட்டுப் பெருக்குங்கள். வீணாவதற்கும் கொஞ்சம் சேருங்கள். ஒரே தகட்டை முதலில் அரம் போட, பிறகு மார்க்கிங், துளை, டேப் என்று வரிசையாகக் கொண்டுபோய், கடைசியில் வெல்டிங் பிரிவுக்குக் கொடுக்கலாம்.

வெல்டிங் ராடில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். குறைந்த ஹைட்ரஜன் வகையான 7018 என்ற ராடு ஈரத்தை உறிஞ்சும். ஈர ராடில் போட்ட வெல்டில் காற்றுத் துளை விழும், உள்ளே விரிசலும் வரலாம். பையன் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வான். டின்னைத் திறந்த பிறகு 120 முதல் 150 டிகிரி செல்சியஸ் வரை சூடுள்ள ராடு அடுப்பில் வையுங்கள். ஆனால் செல்லுலோஸ் பூச்சுள்ள 6010 ராடை அந்த அடுப்பில் போடாதீர்கள், அதற்குக் கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் ஆர்க் சரியாக நிற்கும். அசிட்டிலீன் சிலிண்டரைப் படுக்க வைக்கக் கூடாது. ஆக்சிஜன் ரெகுலேட்டர் பக்கம் எண்ணெய்க் கையோடு போகவே கூடாது.

இயந்திரங்களுக்கு இருப்புப் பதிவேடு மட்டும் போதாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாற்று அட்டை போட்டு அந்த இயந்திரத்திலேயே தொங்கவிடுங்கள். என்றைக்கு எண்ணெய் மாற்றியது, எந்த பெல்ட், என்ன சத்தம் வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். “பழுது” என்று ஒரு வார்த்தை எழுதி நிறுத்தினால் மெக்கானிக்குக்கு எதுவும் புரியாது. எண்ணெய் விடுவதை மாணவரிடமே வாரமுறையில் கொடுங்கள், அதுவும் பாடம்தான்.

கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் சிஎன்சி இயந்திரம் இருந்தால் விடுமுறைக்கு முன் அதன் பேட்டரியைப் பாருங்கள். பல கன்ட்ரோலர்களில் பாராமீட்டர்கள், அதாவது இயந்திரத்தின் அமைப்பு மதிப்புகள், அந்தச் சின்ன பேட்டரியின் தயவில்தான் நிற்கின்றன. நீண்ட விடுமுறையில் அது தீர்ந்தால் எல்லாம் அழிந்து, நல்ல இயந்திரம் மாதக்கணக்கில் முடங்கும். எங்களுக்கு அப்படி நடந்தது. கையேட்டில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் தவிர, மின்சாரம் ஓடும்போதே பேட்டரியை மாற்ற வேண்டும். பாராமீட்டர்களைத் தனியாக ஒரு பிரதி எடுத்தும் வையுங்கள்.

மென்பொருள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தொடக்கத்துக்கு ஒரு சாதாரண எக்செல் தாளே போதும். பொருள், எண்ணிக்கை, இடம், நிலை ஆகியவற்றோடு இன்னொரு பத்தியும் சேருங்கள்: கடைசியாக மாணவர் கையில் இருந்த தேதி. அந்தப் பத்தி எந்தப் பொருளுக்குக் காலியாக இருக்கிறதோ, அந்தப் பெட்டியை நாளைக்கே திறந்து பாருங்கள்.