கேள்வி பதில்: நேற்றைய கணக்கு எங்கே போச்சு?

கேள்வி: ஜாவா ப்ரோக்ராமிங் படிக்கிறேன். கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கம் எங்கள் தேங்காய் மண்டி. பாலக்காடு போகும் லோடு கணக்கை, ஃபைலில் எழுத ஜாவா தரும் ஃபைல்ரைட்டரால் எழுதினால் நேற்றையது அழிந்துவிடுகிறது. சில நாள் ஃபைலே காலி. ஏன்?
- பொள்ளாச்சி வாசகர்

பதில்: ஃபைல் பெயரை மட்டும் கொடுத்தால் ஃபைல்ரைட்டர் உள்ளே இருப்பதைத் துடைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்கும், பெயருக்குப் பின்னால் ட்ரூ என்று சேர்த்துக் கொடுங்கள், பழையதன் கடைசியில் போய் ஒட்டிக்கொள்ளும்.

காலி ஃபைல் வேறு கதை. எழுதுவது உடனே டிஸ்க்குக்குப் போவதில்லை, பஃபர் என்ற தற்காலிக நினைவிடத்தில் தேங்கி, அது நிரம்பும்போதோ ஃப்ளஷ் (தேங்கியதை இறக்கு), க்ளோஸ் (ஃபைலை மூடு) அழைக்கும்போதோதான் இறங்கும். அநேகமாக நீங்கள் க்ளோஸ் எழுதியிருக்க மாட்டீர்கள், எழுதியிருந்தாலும் நடுவில் பிழை வந்து அந்த வரிக்கே போயிருக்காது. பிழை வரக்கூடிய வரிகளுக்கு முன் எழுதும் ட்ரை என்ற சொல்லுக்குப் பக்கத்து அடைப்புக்குறிக்குள்ளேயே ரைட்டரை உருவாக்குங்கள் (2011-இல் ஜாவா 7-உடன் வந்த நல்ல வசதி, பாதிப் பாடங்களில் இன்னும் சொல்லித்தருவதில்லை!), பிழை வந்தாலும் அதுவே மூடிவிடும்.