'இன்கார்னடைன்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு என்ன பொருள்? இலக்கியத்தில் அது எங்கே வருகிறது?

சிவக்கச் செய்தல், அதிலும் இரத்தச் சிவப்பாக்குதல் என்று பொருள். ஆனால் இது பிறவியிலேயே அமைந்த பொருள் அன்று. ஊனைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து இத்தாலியம், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அது வெறும் பெயரடை. தோலின் வெளிர்சிவப்பைக் குறித்தது. அதை வினையாக்கி இரத்தத்தில் தோய்த்தவர் ஷேக்ஸ்பியர்.

'மேக்பெத்' நாடகம், இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சி. உறங்கிய மன்னன் டங்கனைக் கொன்றுவிட்டு வந்து நிற்கிறான் மேக்பெத். கடல் தெய்வமான நெப்டியூனின் பெருங்கடல் முழுவதும் சேர்ந்தாலும் இந்தக் கையின் இரத்தத்தைக் கழுவுமா என்று கேட்கிறான். கழுவாது, என் கைதான் கடல்களை எல்லாம் சிவப்பாக்கும் என்று விடையும் அவனே சொல்கிறான். அந்த இடத்தில்தான் இந்த வினை வருகிறது. அதுவும் கடல்கள் என்ற செயப்படுபொருளுக்குப் பின்னால், தமிழ் வாக்கியத்தில் வருவதுபோல, அடியின் கடைசிச் சொல்லாக.

எனக்கு அதைவிடப் பிடித்தது அடுத்த அடி. பச்சைக் கடலை ஒரே சிவப்பாக்கும் என்று மிகச் சிறிய சொற்களில் அதையே மறுபடி சொல்கிறான். நின்றுகொண்டு நாடகம் பார்த்த எளிய மக்களுக்கும் அந்தப் புதுச்சொல் உடனே விளங்கியிருக்கும். ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623ஆம் ஆண்டுத் தொகுப்பில், இந்த அடியில் 'ஒன்று' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னே காற்புள்ளி இருக்கிறது. அப்படிப் படித்தால் 'பச்சையான ஒன்றைச் சிவப்பாக்கி' என்றாகும். பிற்காலப் பதிப்பாசிரியர்கள் பலர் அதை மாற்றி, 'பச்சையை ஒரே சிவப்பாக்கி' என்று கொண்டார்கள். நான் இவர்கள் பக்கம். பல கடல்கள் நிறபேதமின்றி ஒன்றாகிப்போவதில்தான் அந்த மனிதனின் அச்சம் இருக்கிறது.

மிகச் சில நொடிகளில், கொஞ்சம் தண்ணீர் போதும் என்கிறாள் அவன் மனைவி. அவளே ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் நடந்துகொண்டு, போகாத கறையைத் தேய்க்கிறாள்.

இரத்தமே இல்லாத இடத்திலும் இந்த வினை வந்திருக்கிறது. கவிமணியின் தமிழாக்கம் வழியாக நம்மில் பலர் அறிந்த உமர் கய்யாம் பாடல்களை 1859இல் ஆங்கிலத்தில் தந்த ஃபிட்ஸ்ஜெரால்ட், ரோஜாவின் மஞ்சள் கன்னத்தைச் சிவக்க வைக்க "செம்மது" என்று புல்புல் கூவுவதாக எழுதினார். அங்கே இது 'வைன்' என்பதோடு இயைபாக வருவதால், கடைசி அசையை 'டைன்' என்றே உச்சரிக்கலாம்.