கராஜில் விடுவதா, கோர்ஸுக்கு அனுப்புவதா? – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

விசுவமடுவிலிருந்து எழுதுகிறேன். மகன் இந்த முறை சாதாரண தரத்தில் கணிதத்தைக் கோட்டைவிட்டு விட்டான். வாகன வேலை பழகப் போகிறேன் என்று நிற்கிறான். தெரிந்த கராஜ் ஒன்றில் விடுவோம், கைச்செலவுக்காவது காசு வரும் என்கிறார் இவர். என் தம்பியோ கோர்ஸ் செய்து சான்றிதழ் எடுத்தால்தான் நாளைக்கு வெளிநாடு போனாலும் உதவும் என்கிறான். பதினான்கு வயதில் தோட்டத்து வோட்டர் பம்ப்பை முழுதாகக் கழட்டித் திரும்பப் பூட்டினவன் அண்ணா. ஒரு நட்டு மிஞ்சிப்போனது, ஆனாலும் பம்ப் இன்றைக்கும் ஓடுகிறது. படிப்பு ஏறாத பிள்ளைக்கு எது நல்லது?

வி., விசுவமடு

அன்புள்ள தங்கச்சி,

முதலில் அந்தக் கடைசி வரியை அழித்துவிடுங்கள். படிப்பு ஏறாதவன் போகிற இடம் கராஜ் என்ற கதை என் அப்பா காலத்தோடு போயிருக்க வேண்டும். இப்போதைய காருக்கு ஸ்கேனரைச் செருகினால் அது ஒரு பிழை இலக்கத்தைக் காட்டும், அவ்வளவுதான். ஒக்சிஜன் சென்சர் என்று காட்டினால் சென்சரும் பழுதாக இருக்கலாம், வயர் அறுந்தும் இருக்கலாம், புகைக்குழாயில் எங்காவது ஓட்டை விழுந்து காற்று உள்ளே போகவும் கூடும். வயரிங் படத்தைப் பார்த்து, மீற்றர் பிடித்து அளக்கத் தெரியாதவன் சென்சரை மாற்றிவிட்டுக் காசை வாங்குவான், வாகனம் அடுத்த கிழமை திரும்பி வரும். கணிதத்தைத் திரும்ப எழுதலாம். இருந்து வாசிக்கிற பொறுமை அவனுக்கு உண்டா என்பதுதான் எனக்குக் கேள்வி.

எங்கள் பக்கத்து மெக்கானிக்மாரைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோல் கண்ணில் படாது. வன்னியில் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது, ஆகவே நாலு துளி பெற்றோலை விட்டு உதைத்து ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். எஞ்சின் தட்டும் என்பதால் ஹெட்டுக்குக் கீழே கூடுதலாகக் காஸ்கற் வைத்து அமுக்கத்தைக் குறைத்த ஆட்களை நான் கண்டிருக்கிறேன். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஓயிலைத் தண்ணீராக்கிவிடும், அதையும் கவனித்து அடிக்கடி மாற்ற வேண்டும். இவ்வளவையும் எந்த வகுப்பிலும் படிக்காமல் செய்தார்கள்.

ஆனால் தங்கச்சி, அந்தச் சமாளிப்பு எங்களோடேயே தங்கிவிட்டது. சாமான் கிடைக்கிற காலத்திலும் சமாளிக்கிறோம். எனது பழைய டொல்பின் வானில் முன் லைற்றின் பியூஸ் அடிக்கடி எரிந்துகொண்டிருந்தது. ஒரு கராஜில் விட்டேன், எந்தக் கராஜ் என்பது இப்போது தேவையில்லை. பியூஸ் இருந்த இடத்தில் ஒரு செப்புக் கம்பியைச் சுற்றித் தந்தார்கள், 'இனி எரியாது அண்ணை' என்றும் சொன்னார்கள். உண்மைதான், பியூஸ் எரியவில்லை. இரண்டு மாதம் கழித்து மாங்குளம் தாண்டி இரவில் வரும்போது டாஷ்போர்டுக்குள்ளிருந்து புகை வந்தது, வயர்க்கட்டு முழுக்க உருகி ஒன்றாக ஒட்டிப்போயிருந்தது. பியூஸ் ஏன் எரிகிறது என்று அந்தப் பெடியன் ஒருமுறையாவது கேட்டிருந்தால் எங்கோ வானின் தகட்டில் உரசிக்கொண்டிருந்த ஒரு வயரைக் கண்டுபிடித்திருப்பான். நான் பிறகு செலவழித்த காசைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும், விடுங்கள்.

வானுக்கு 12 வோல்ற், அதனால் புகையோடு போயிற்று. பிரியஸ் மாதிரியான ஹைபிரிட்டின் பெரிய பற்றரி 200 வோல்ற்றுக்கு மேலே. இன்சுலேற்றட் கையுறை போட்டு, பற்றரியின் இணைப்பைத் துண்டிக்கிற சேவிஸ் பிளக்கைக் கழட்டி, பத்து நிமிடமாவது பொறுத்து, மின்சாரம் இல்லை என்று மீற்றரால் பார்த்த பிறகுதான் உள்ளே கை வைக்கலாம். அங்கே சமாளித்தால் ஆள் இல்லை.

ஆகவே என் வோட்டு கோர்ஸுக்கு. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் உங்களுக்குத் தூரமில்லை. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களிலும் கேட்டுப் பாருங்கள். என்.வி.கியூ என்கிற தேசிய தொழில் தகைமை ஏழு படி: நாலு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். 'ஓ லெவல்' கணிதம் இல்லாமல் எந்தப் படியில் சேரலாம் என்று நேரில் போய்க் கேளுங்கள், ஆட்கள் சொல்வதை நம்பி வீட்டில் இருக்க வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதும் பிழையில்லை. எஞ்சின் சத்தத்தை வைத்தே நோய் சொல்கிற காது கராஜில்தான் வரும். பயிலுனராகக் கராஜில் நின்றுகொண்டே என்.வி.கியூ எடுக்கிற வழியும் இருக்கிறது, பயிலுனர் பயிற்சியைக் கவனிக்கிற அரச நிறுவனமான நைற்றாவின் அலுவலகத்தில் விசாரியுங்கள். வருடக்கணக்காக வேலை செய்தவர்களின் அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிற முறையும் உண்டு. என் பக்கத்து வீட்டுக்காரர் நரை விழுந்த பிறகு அப்படித்தான் நாலாம் படி எடுத்துக் கட்டாருக்குப் போனார்.

கராஜ் என்று முடிவானால், விடுவதற்கு முதல் நாள் அங்கே போய் அரை மணி நேரம் சும்மா நில்லுங்கள். கழட்டின நட்டுகள் மண்ணில் கிடக்கின்றனவா, பேணியில் பிரித்துப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பழக வந்த பெடியன் நாள் முழுக்கத் தேத்தண்ணி வாங்கப் போகிறானா, யாராவது அவனைப் பக்கத்தில் நிற்பாட்டிக் காட்டிக் கொடுக்கிறார்களா என்பதையும் பாருங்கள். வேலைக்குப் பஞ்சம் வராது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல்தான் கார்களுக்குத் திறந்தார்கள், இடையில் எல்லோரும் பழையதையே திருத்தித் திருத்தி ஓட்டினோம், இன்னும் ஓட்டுகிறோம்.

ஒரு விஷயம் கேட்க மறந்துவிட்டேன். பம்ப்பைப் பூட்டி முடிய மிஞ்சின அந்த நட்டு எங்கே இருக்க வேண்டியது என்று மகன் பிறகு தேடினானா, அல்லது ஓடுகிறதுதானே என்று விட்டுவிட்டானா? அவனிடம் கேட்டு எழுதுங்கள்.